சுவரில் துலங்கிய திருநாமம்

புரட்டாசி தன் கடைசிச் சனிக்கிழமையை நோக்கி மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் கடலைக்காட்டுச் செம்மண் கொதித்தது; மாலையில் மேற்கே திரண்ட கருமேகம் பெய்யாமலே கலைந்தது. வாழப்பாடித் தெருக்களில் துளசியும் புழுதியும் ஒருங்கே மணந்தன. காத்திருப்பதே தவமாகிய பருவம் அது.

எனக்கோ அருவருப்பே மிஞ்சியிருந்தது. எங்கள் பெருமாள் கோயிலில் சனிக்கிழமைதோறும் மடிக்கணினியிலிருந்து புரொஜெக்டர் வழியே பாசுரங்களைச் சுவரில் பெரிய எழுத்தாகக் காட்டுவது என் கைங்கரியம். சென்ற வாரம், திருவடியைப் போற்றும் அடியின்மேல் சீட்டாட்ட விளம்பரம் ஒன்று பல்லிளித்தது. அதை மூடினால், என் கணினி இயங்குதளத்தின் புதிய பதிப்புக்குத் தகுதியற்றது என்று ஓர் அறிவிப்பு. சன்னதிச் சுவரில் எவனோ எச்சில் துப்பியது போலிருந்தது.

மற்றவர்கள் காதால் கேட்டுப் பாடித் தொடர்ந்தார்கள். பெருமாயி அக்கா மட்டும் பாடுவதை நிறுத்திவிட்டார். காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்த அவருக்கு அந்தச் சுவர்தான் செவி.

"பெருமாளு முன்னாடியே சீட்டாடக் கூப்பிடறானா சாமி?" என்று அவர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, அயோத்தியாப்பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கும் நிகத் என்ற இளம்பெண்ணிடம் மடிக்கணினியோடு போனேன்.

"இந்த அசிங்கம் இனி வேண்டாம்மா. நாளைக்குள்ள விளம்பரம் வராத அந்த லினக்ஸ் இயங்குதளத்தப் போட்டுக் குடு."

"எந்த லினக்ஸுங்கய்யா?" நிகத் வகைக்கு ஒன்றாக மூன்று பென்டிரைவ்களை எடுத்துவைத்தார். "போடறதுக்கு முன்னாடியே ஓட்டிப் பாக்கலாம். சேலை எடுக்கற மாதிரி ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாருங்க."

உபுண்டுவில் படக்குறிகள் இடப்பக்கம் அணிவகுத்தன. என் கை பழகிய இடத்தில் ஏதுமில்லை. ஸோரின், நான் விட்டுவிட நினைத்த பழைய இயங்குதளத்தின் சாயலிலேயே வந்து நின்றது; புதியவர்களுக்கு அது எளிது என்றார் நிகத். அந்தச் சாயலே வேண்டாமென்று அடுத்ததைக் கேட்டேன். மின்ட் அடக்கமாயிருந்தது. கீழ்மூலையில் ஒரு பட்டியல், அதைத் திறந்தால் வேண்டியவை. அதன் இலகுவான பதிப்பை எங்கள் கிழட்டுக் கணினியும் தாங்குமாம்.

ஆனால் பாசுரக் கோப்பைத் திறந்ததும் மூன்றிலும் ஒரே கேடு. எம்பெருமான் திருநாமம் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாய்க் கிடந்தன.

"எல்லாமே சாக்கடை," என்றேன்.

நிகத் கோப்பை உற்றுப் பார்த்தார். "இத எப்ப அடிச்சீங்க?"

"இருபது வருஷம் இருக்கும்."

"அப்ப சாக்கடை உங்க கோப்புலதான். இது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து இல்ல, பழைய ஃபான்ட். உங்க பழைய இயங்குதளத்துல அது இருந்துச்சு, இந்த மூணுலயும் இல்ல. பாவம், மூணு பேரையும் திட்டிட்டீங்க."

வெறுப்பு என் பக்கமே திரும்பிற்று. இருபது ஆண்டுகளாகப் பாசுரங்களை இப்படியொரு சிறையில் அடைத்தவன் நானே.

நிகத் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றினார். நான் மாலைவரை அடியடியாக ஒப்புநோக்கித் திருத்தினேன். பிறகு மின்டை நிறுவினார்.

மறுநாள் காலை, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவரே வந்து கோயில் வாசலில் நின்றார். பாசுரம் சுவரில் எழுந்தது. அதன்மேல் எதுவும் வந்து விழவில்லை. பெருமாயி அக்காவின் குரல் எங்களுக்கு அரையடி பின்னால், கடைசி அடிவரை வந்தது.

பாடி முடிந்ததும் அவர் சுவரருகே சென்றார். ஒளியில் நின்ற திருநாமத்தை விரல்களால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சரிசெய்தவர் அவர்தான் என்று நான் வாசலில் நின்ற நிகத்தைச் சுட்டினேன். அக்கா மெல்ல நடந்துபோய் நிகத்தின் தலைமேல் அதே கையை வைத்தார்.

"நல்லா இரு சாமி. உன் கண்ணும் கையும் என்னைக்கும் நல்லா இருக்கட்டும்."