மியூசியம் வைத்த மூஞ்சிகள்

பதினொரு பொம்மைகளுக்கும் மூஞ்சி வைத்திருந்தார்கள். எண்பத்தாறாம் வருஷம், பம்பாயின் பெரிய மியூசியம் ஒன்றில் என் பெயரில் கண்காட்சி. 'மெஹராஜ்: தாராவியின் அறியப்படாத சிற்பி' என்று வாசலில் பலகை. இருபத்திரண்டு வருஷம் களிமண் பிசைந்ததற்குக் கிடைத்த முதல் மரியாதை. உள்ளே போய்ப் பார்த்தால் இந்தக் கோலம்.

நான் மூஞ்சி வைப்பதில்லை. உருவம் செய்தவளிடம் 'அதற்கு உயிர் கொடு' என்று மறுமையில் இறைவன் கேட்பான் என்பது எங்கள் நம்பிக்கை. மூஞ்சி இல்லாவிட்டால் குற்றமில்லை என்று இமாம் சொன்னார். அதனால் தலையை மழமழவென்று விட்டுவிடுவேன். மூஞ்சியில் காட்ட முடியாததையெல்லாம் முதுகிலும் தோளிலும் காட்டப் படித்துக்கொண்டேன். தண்ணீர்க் குழாய் வரிசையில் நிற்கும் எங்கள் சந்துப் பெண்கள்தான் அந்தப் பதினொரு பேரும். குயவர்கள் இருக்கும் கும்பார்வாடா சூளையில் சுட்டு எடுத்து வந்தால் சந்தில் எல்லோரும் முதுகைப் பார்த்தே பெயர் சொல்வார்கள். "இது நம்ம பூலோகம் பொஞ்சாதில்லா, சண்டைக்கு நிக்கா பாரு" என்பார் என் வீட்டுக்காரர் ஜமால்.

இப்போது பதினொரு பேருக்கும் ஒரே மூஞ்சி. ஜவுளிக்கடை பொம்மையின் மூஞ்சி. கறுத்த கழுத்துக்கு மேல் கோதுமை நிறம், கூரான மூக்கு, சிவந்த உதடு, அதில் சிரிப்பு வேறு. விடியற்காலை நாலு மணிக்குக் குழாயடியில் எவள் சிரிப்பாள்?

கண்காட்சியை ஏற்பாடு செய்தவள் மாட்டுங்கா ஷ்யாமளா. பட்டுப்புடவையோடு ஓடி வந்தாள்.

"உங்ககிட்ட யாரு மூஞ்சி கேட்டா?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கோ மெஹராஜ். பாதியில விட்டிருக்கேள்னு நெனச்சோம். கமிட்டில ஒரு ஆர்ட்டிஸ்டை வெச்சு முடிச்சுக் குடுத்தா."

"ஆறு மாசமா எங்க சந்துக்கு வந்துட்டுப் போனியளே. ஒரு வார்த்த கேட்டியளா?"

"உங்களுக்கு நேரம் கெடச்சிருக்காதுன்னு..."

"இருவத்திரண்டு வருசமாவா?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்லாக்ல படம் அச்சாயிடுத்து. சீஃப் கெஸ்ட் வர்ற நேரம். அப்பறமா பேசிக்கலாமே" என்றாள்.

அப்புறமாம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பூலோகத்தின் பெண்டாட்டி மூக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெறும் காகிதக்கூழும் சுண்ணாம்பும். மேஜைமேல் இருந்த பூ ஜாடியில் துப்பட்டியின் முனையை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். மூக்கு கழன்று கையோடு வந்தது.

"ஐயோ, தொடாதேங்கோ, அது மியூசியம் வாங்கின சொத்து."

"மண்ணு வேணா ஒங்க சொத்தா இருக்கட்டும். இந்த மூஞ்சி என் மேல போட்ட பழி."

கூட்டத்தில் வாய் திறக்காத ஜமால் ஜாடியைக் கையில் எடுத்தார். "நீ தேய் மெஹராஜ், நான் தண்ணி ஊத்துதேன்" என்றார்.

ஏழு பேரைக் கழுவி முடிப்பதற்குள் செக்யூரிட்டிக்காரர்கள் இரண்டு பேர் என் கையை முறுக்கிப் பிடித்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாலு பேரிடம் என்னால் போக முடியவில்லை. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நான் கழுவிய ஏழையும் சேதமானவை என்று எழுதி உள்ளறையில் போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த நாலும் இன்னும் கூடத்தில் நிற்கின்றன. சிரித்த மூஞ்சியோடு, என் பெயரைக் காலடியில் வைத்துக்கொண்டு.