நெத்திலி காயும் ஓரம்

பின்னால் ஹாரன் அடித்ததும் நான் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவேன். யாரும் கற்றுத்தரவில்லை, பிறவியிலேயே வந்த மரியாதை. நேற்றும் அப்படித்தான் ஒரு காருக்காக ஒதுங்கினேன். கோட்டைக்குப்பம் ரோட்டின் இடது ஓரத்தில் நாகம்மாள் நெத்திலி காயப்போட்டிருந்தாள். தார்ச் சூட்டில் சீக்கிரம் காயும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அந்த மீனின் மேல் என் சைக்கிள் நீளமாக ஒரு கோடு போட்டது.

“இன்னாண்ணா நீ? ஒத்த பொம்பள காயவெச்சிக் கஞ்சி குடிக்கிற மீனு. அதும்மேலயா ஏத்தினு போவ?” என்றாள். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சாயங்காலம் வரை பூனைகள் என் டயரை நக்கின. என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

இன்று காலை கேரியரில் என் மனைவி திரௌபதி; அவள் மடியில், ஏரியில் இறங்கிக் கையால் தடவிப் பிடித்த இறால் கூடை. நாகம்மாளின் மீன் தொடங்கும் இடத்தில் பின்னால் ஹாரன். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிற கார். செத்து முந்நூறு வருஷம் ஆனவர்களைப் பார்க்க அத்தனை அவசரம்.

“யோவ், ஓரமா போய்யா!”

ஹேண்டில்பார் தானாகவே திரும்பியது. திரௌபதி முதுகில் குத்தினாள்.

“மீனு மேல ஏத்துன, நா எறங்கிடுவேன். நடுவுல போ.”

“இடிச்சிட்டான்னா?”

“பின்னாடி நாந்தான குந்தினுகீறேன்? மொதல்ல என்னத்தான் இடிப்பான். உனுக்கு இன்னா பயம்?”

நடுவில் போனேன். ஹாரன் விடாமல் அலறியது. கார் ஜன்னலில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு “ச்சே” என்றார். அதை நான் சொல்வதாக இருந்தேன்; முந்திக்கொண்டார்.

வலப்பக்கம் ஏரிச் சேறு. அதில் இறங்கினால் கார் அழுக்காகிவிடும். ஆகவே இடப்பக்கமாகப் புகுந்து, நெத்திலி மேலேயே ஏறி, என்னைத் தாண்டிப் போனது. சரசரவென்று நசுங்கும் சத்தம். டயரில் ஒட்டிய மீனோடு கல்லறை பார்க்கப் போய்விட்டார்கள்.

நாகம்மாள் ஓடிவந்தாள். நான் நடுவில் போனதால்தானே இப்படி ஆனது. திட்டு வாங்கத் தலையைக் குனிந்து நின்றேன். அவள் கார் போன தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து உன் கோடு சின்னதா இருந்துச்சுண்ணா” என்றாள்.

பிறகு உட்கார்ந்து, நசுங்காத மீனைப் பொறுக்கத் தொடங்கினாள். திரௌபதி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளருகே குந்தினாள். நான் சைக்கிளை அங்கேயே, நடு ரோட்டில், ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த கார் வந்தது. ஹாரன் அடித்தது. என் முழங்கால்கள் பழக்கத்தில் எழப் பார்த்தன. ஒரு கையால் அவற்றை அழுத்திக்கொண்டேன். இன்னொரு கையில் டயர் வரி பதிந்த ஒரு நெத்திலி. நடு ரோட்டில், தரையைத் தொடாத பின் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.