ஹினேஸ் போட்ட வேஷம்

பிரான்சின் துலூஸ் நகரில் இருந்த ஸ்பெயின்காரர்கள் எதை விட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை விடமாட்டார்கள். உள்நாட்டுப் போரில் தோற்று, மலை தாண்டி ஓடிவந்து, பிரான்சின் முள்வேலி முகாம்களில் வெறும் மணலில் படுத்துக் கிடந்தவர்கள். இப்போது வாரம் முழுக்கச் செங்கல் சுமந்துவிட்டு, ஞாயிறு மதியம் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு மேடையேறினார்கள். அந்த மனசு லேசில் யாருக்கும் வராது.

இந்த முறை நாடகமே நின்றுவிடும் போலிருந்தது. கதையில் சிவில் கார்டு என்ற ஸ்பெயின் ஆயுதப் போலீஸின் அதிகாரி ஒருவன் வருகிறான். ஊர்க்காரன் ஒருவனைச் சுட இழுத்துப்போகிறவன். அந்தக் கறுப்புத் தொப்பியைத் தலையில் வைக்க ஒருவரும் தயாரில்லை. அநேகமாக எல்லார் வீட்டிலிருந்தும் அந்தத் தொப்பிக்காரர்கள் யாரையாவது கொண்டுபோயிருந்தார்கள்.

"நான் செத்தாலும் அதை என் தலையில வைக்காதீங்க" என்றார் தச்சர் எலூதேரியோ.

நாடகத்தை நடத்தும் ஆம்பாரோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காபிக்கடையில உக்காந்து தினம் ஒரு தடவை ஆட்சியைக் கவுக்கிறீங்க. ஒரு அட்டைத் தொப்பிக்கு இந்தப் பயமா?"

"இங்க கொண்டா, நான் போடறேன்" என்றான் மூலையில் இருந்த அவள் புருஷன் ஹினேஸ்.

அவனுடைய தம்பியை இழுத்துப்போய்ச் சுட்டவர்கள் அந்தத் தொப்பிக்காரர்கள்தான். "உன்னால முடியாது, ஹினேஸ்."

"நாடகம் நடக்கணுமா, வேண்டாமா?"

ஒத்திகையில் அவன் வசனத்தை முணுமுணுத்தே ஒப்பேற்றினான். மேடையிலும் இப்படியே சொதப்புவானோ, இல்லை உடைந்துபோவானோ என்று அவள் பயந்தாள்.

ஞாயிறன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. ஹினேஸ் மேடைக்கு வந்தான். கத்தவில்லை. மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாக, "கூட்டிட்டுப் போங்க" என்றான்.

அடுத்த நொடி ஒரு ஷூ பறந்து வந்து அவன் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் அசையாமல் நின்று மிச்ச வசனத்தையும் அதே குரலில் சொல்லி முடித்தான். ஆம்பாரோவுக்கு அவன்மேல் அன்று வந்த மரியாதை, கல்யாணமான நாளில்கூட வந்ததில்லை.

திரைக்குப் பின்னால் காயத்தைத் துடைத்தபடி கேட்டாள். "அந்தக் குரல் எங்கேருந்து வந்துச்சு?"

"தம்பியைக் கொண்டுபோனப்ப நான் பரண்ல ஒளிஞ்சிருந்தேன். மூஞ்சியைப் பார்க்கல. குரல் மட்டும் கேட்டுச்சு. அவன் கத்தவே இல்ல, ஆம்பாரோ."

இத்தனை வருடத்தில் அவன் அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அப்போது எலூதேரியோ ஒரு காலில் ஷூ இல்லாமல் நொண்டிக்கொண்டு வந்தார். அழுதிருந்தார். "தோழர், மன்னிச்சிடுங்க. நீங்கதான்னு ஒரு நிமிஷம் மறந்தே போச்சு. அவனே வந்துட்டான்னு நினைச்சிட்டேன்."

ஹினேஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு எங்க வீட்டுல ஒருத்தரும் அவன்மேல கைவைக்கல, தோழர். நீங்க அடிச்சிட்டீங்க."