காலி இடம்

எங்கள் குடும்பத்து ஸ்பெயின் வெள்ளிக் காசைச் சுண்டினால் உடனே கீழே விழாது. அது அடிக்கப்பட்ட காலத்தில் அந்த நாட்டில் காலையில் ஒரு ராஜா, மத்தியானம் இன்னொருவர். யார் பக்கம் ஜெயிக்கிறது என்று தெரியாமல் விழுந்து மாட்டிக்கொள்ள அதற்கு இஷ்டமில்லை. என் தாத்தாவும் அவர் தம்பியும் பாகப்பிரிவினைக்குச் சுண்டியபோது ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டு நடுவில் தொங்கியது.

அக்கா மகள் குழலிக்குத் தூத்துக்குடியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அப்பா சிங்கதுரை, கடையை மூடிவிட்டு மருமகள் கோவில்பட்டிக்கு வர வேண்டும் என்றார். குழலி முடியாது என்றாள். தலை விழுந்தால் தூத்துக்குடி, பூ விழுந்தால் கோவில்பட்டி என்று பேசி, காற்றில் சாயாமல் இருக்க ஃபேனை நிறுத்திவிட்டு, தாய்மாமனான நான் சுண்டினேன்.

காசு டியூப்லைட் உயரத்தில் நின்றது. அதன் தலைப் பக்கத்து ராஜா எட்டிப் பார்த்தார்.

"கீழே யார் ஆட்சி?"

"மாப்பிள்ளை வீடு," என்றார் சிங்கதுரை.

"பொண்ணு வீடு," என்றாள் அக்கா.

ராஜா உள்ளே போய்விட்டார். எல்லோருக்கும் வியர்த்தது.

"இன்னும் முடிவாகல, ஐயா," என்றாள் குழலி. "சாப்பிட்டுட்டுப் பேசுவோம், வாங்க."

ராஜா காசை விட்டு இறங்கி வந்தார். மார்புக்குக் கீழே எதுவும் இல்லாததால் இலைக்கு முன்னால் வைக்க வசதியாக இருந்தது. அக்கா ஊட்டிவிட்டாள். ஆள் இல்லாத காசு உடனே விழுந்தது.

"தலைதான்," என்றேன்.

"என்ன வே, தலை எங்க விழுந்துச்சு? தலை இங்கல்லா அவியல் கேக்குது."

சிங்கதுரை சொன்னது நியாயம். தலை எந்த ஊருக்குப் போகிறதோ, பிள்ளைகள் அங்கே இருக்கட்டும் என்று முடிவானது.

"கோவில்பட்டியில யார் ஆட்சி?" என்று கேட்டார் ராஜா.

"நாந்தான்," என்றார் சிங்கதுரை.

ராஜா அதை ஏற்கெனவே பலர் வாயால் கேட்டவர். குழலியைப் பார்த்தார்.

"எங்க கடையில யாரும் ஆள்றதில்ல. மோட்டார் ஓடணும், அவ்வளவுதான்."

அவர் கடைக்கே வந்துவிட்டார். வந்தவர்களிடம் மோட்டார் என்ன சத்தம் போடுகிறது என்று விசாரிக்கிறார். மாப்பிள்ளையும் வந்தாயிற்று, காயில் சுற்றப் பழகுகிறார்.

காசில் காலியான இடத்துக்குச் சிங்கதுரை போய்விட்டார். இடப்பக்கம் பார்த்தபடி இருக்கிறார். சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் துலக்குகிறாள்.

"மூக்குப் பக்கம் மெதுவா," என்கிறார்.