சொன்னபடி

விசாரணை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அவள் ஒன்பதரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மீசை உள்ளே போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. துணைமின் நிலையத்தில் அவளோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர். மீசையை வழித்து ஐந்து வருடமாகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. சற்று முன் உள்ளே மூன்று டீ போயிற்று. விசாரிப்பவர்கள் இரண்டு பேர் என்று சொல்லியிருந்தார்கள்; இரண்டு டீ போயிருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். விசாரிக்கக் கூப்பிட்ட ஆளுக்கு எதற்கு டீ? பிறகு சிரிப்புச் சத்தமும் கேட்டது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் காற்று பேயாக அடித்தது. குன்றுகள் மேலிருந்த காற்றாலைகள் அத்தனையும் அவர்கள் நிலையத்துக்கு வரும் ஒற்றை லைனில்தான் தொங்கின. நோஞ்சான் லைன், காற்று ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். நூற்றுப்பத்து கிலோவோல்ட்டில் நிற்க வேண்டிய மீட்டர் முள் நூற்றுக்கு வந்ததும் அவள் நிலையத்தின் இன்ஜினியருக்குப் போன் போட்டாள். பாதிக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"காத்தாலைக் கம்பெனிக்காரன் கத்துவான். ஓடட்டும், பாத்துக்கலாம்," என்றார் அவர்.

ஸ்பீக்கரில்தான் பேசினார். மீசை பக்கத்தில் நின்று காது குடைந்துகொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் முள் குப்புற விழுந்தது. காற்றாலைகள் ஒன்று விடாமல் லைனிலிருந்து கழன்றுகொண்டன. நாலு ஊருக்கு ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை.

நடப்பதையெல்லாம் குறிக்கும் லாக் புத்தகத்தில் அந்த நேரத்துக்கு நேராக அவள் ஒரே சொல்தான் எழுதியிருந்தாள்: சொன்னபடி. போனில் வரும் உத்தரவை அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவள் இன்ஜினியரின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டாள். "என் பேரை எழுதி மாலை போடப்போறியா?" என்று அவர் கேட்க, மீசை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அதோடு சரி. ஏழு வருடமாக அவள் யார் பெயரையும் எழுதியதில்லை.

கதவு திறந்தது. மீசை மேலுதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"கேட்டதுக்குச் சொன்னேன் தங்கச்சி," என்றார் சுவரைப் பார்த்து. நிற்காமல் படியிறங்கிப் போனார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில், தோளோடு தோளாக, அதே இன்ஜினியர்.

"யாரு சொன்னபடி?" அதிகாரியின் விரல் லாக் புத்தகத்தின் மேல் இருந்தது.

"சார்தான் சொன்னாரு."

"பேரு எங்கேம்மா?"

"கவனமாப் பாத்துக்கோன்னுதான் நான் சொன்னேன்," என்றார் இன்ஜினியர், கண்ணாடியைத் துடைத்தபடி.

மீசை அண்ணனும் அதைக் காதால் கேட்டார் என்று அவள் சொன்னாள். அதிகாரி ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். அந்த நேரத்தில் தான் பேட்டரி அறையில் இருந்ததாக மீசை எழுதிக் கொடுத்திருந்தார். கையெழுத்தின் மை இன்னும் பளபளத்தது.

தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலை போவதோடு முடிந்துவிடும், இல்லையென்றால் போலீஸுக்குப் போக வேண்டிவரும் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

"நான் சொல்றேன், எழுதும்மா," என்றார் அதிகாரி. "என்னுடைய கவனக்குறைவால்..."

எழுதிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே மின்விசிறியின் சத்தம் மாறியது. அவள் நிமிர்ந்தாள். வோல்டேஜ் இறங்குகிறது என்று முள்ளைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. வெளியே ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இன்று அவள் இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

இன்ஜினியரின் போன் அடித்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓடட்டும், பாத்துக்கலாம்," என்றார் தணிந்த குரலில்.

"அடுத்த வரி," என்றார் அதிகாரி.

அவள் கடைசி வரிவரை எழுதினாள். அதற்குக் கீழே, ஏழு வருடப் பழக்கத்தில், கை தானாக எழுதிவிட்டது: சொன்னபடி.

அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். ஸ்கேலை வைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் நேராக அடித்தார்.

"அடிச்சதுக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து."

அவள் போட்டாள். மேலே மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன.