நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு

போருக்குச் சென்று திரும்பி வராத சிப்பாய் ஒருவனுடைய சட்டைக்கு, ஊர்ப் போர் அருங்காட்சியகத்தின் கண்ணாடி அலமாரிக்குள் தொங்கிய பன்னிரண்டாம் ஆண்டில், தொப்பை விழத் தொடங்கியது. அவ்வாண்டின் அளவெடுப்பு நாளில் அதன் இடுப்புச் சுற்று இருபத்தெட்டு அங்குலத்திலிருந்து இருபத்தொன்பதரைக்கு ஏறியிருந்தது. நாடா நைந்துபோயிற்று என்று எண்ணிய காப்பாளர் அம்மாள் புதிய நாடா ஒன்றை வாங்கினார். புதிய நாடாவும் அதையே சொன்னது. மறு ஆண்டு முப்பது. அதற்கு அடுத்த ஆண்டு முப்பத்தொன்றரை. சட்டையை மாட்டியிருந்த மரப்பொம்மையோ வயிறு ஒட்டிய பழைய பொம்மை. ஆகவே அந்தத் தொப்பை பொம்மையைத் தொடாமல், முன்னால் சற்று எட்டி, வெறும் காற்றில் தங்கியிருந்தது.

அருங்காட்சியகம் பெரியதன்று. முற்காலத்தில் படைக் குதிரைகளைக் கட்டிய நீண்ட லாயத்தின் நடுவே சுவர் எழுப்பி, முதல் அறையில் முப்பது துப்பாக்கிகளையும் பதினெட்டு இரும்புத் தொப்பிகளையும், இரண்டாம் அறையில் சீருடைகளையும் வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு பீரங்கி நின்றது. அதன் வாய்க்குள் சிட்டுக்குருவிகள் ஆண்டுதோறும் குடித்தனம் நடத்தின. நுழைவு இலவசம். ஆயினும் அருங்காட்சியகத் துறை வகுத்த விதிகள் இரண்டு உண்டு. துணியாலான பொருள்களை ஆண்டுக்கொரு முறை அளந்து பதிய வேண்டும். உள்ளே வருவோர்க்கெல்லாம் எண்ணிட்ட சீட்டை வரிசை தவறாமல் கிழித்துக் கொடுக்க வேண்டும். காப்பாளர் அம்மாள் இவ்விரண்டையும் உயிராகக் கடைப்பிடித்தார். அமைச்சர் ஒருவர் பரிவாரத்துடன் வந்தபோதும், அவரை வாசலில் நிறுத்தி, சீட்டைக் கிழித்து, தேதி முத்திரை குத்திய பின்னரே உள்ளே விட்டார். அதனால் ஊரார் அவரைச் சீட்டம்மா என்று அழைத்தார்கள். இருபத்தாறு ஆண்டுகளில் வந்தவர்கள் நாலாயிரம் பேருக்குச் சற்று மேல் என்பதால், அவருடைய கை அவ்வளவாக வலித்ததில்லை.

அந்தச் சட்டை சீட்டம்மாவின் தம்பியுடையது. பத்தொன்பதாம் வயதில் எல்லைப் போருக்குக் கிளம்பிய அன்று, அவனுடைய இரண்டு சட்டைகளுள் ஒன்று, பை கிழிந்ததால் தையற்காரரிடம் இருந்தது. தையற்காரர் பையைத் தைத்து முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. போர் முடிந்து மற்றவர்கள் வந்தார்கள், தம்பி வரவில்லை. இறந்தான் என்ற கடிதமும் வரவில்லை. அக்காள் சட்டையை அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார். சட்டையை விட்டுப் பிரிய மனமின்றி, காப்பாளர் வேலைக்கும் விண்ணப்பம் கொடுத்தார். அலமாரியில் வைக்கும் அட்டையைத் தம் கையாலேயே எழுதினார்: "சிப்பாயின் சட்டை. மார்பு 34, இடுப்பு 28. உரியவர் திரும்பி வரும் வரை இங்கே வைக்கப்பட்டுள்ளது." 'வீரமரணம் எய்தியவர்' என்று அட்டையை மாற்றுமாறு துறையிலிருந்து ஆண்டுக்கொரு கடிதம் வந்தது. ஆண்டுக்கொரு முறை அவர் அதைக் கிழித்துப் பீரங்கியின் வாயில் போட்டார். குருவிகளுக்கு அது கூடு கட்ட உதவிற்று.

பதினான்காம் ஆண்டில் ஒரு பிழை நடந்தது. அட்டையில் இருபத்தெட்டு என்றும் சட்டையில் முப்பத்தொன்றரை என்றும் இருப்பது நன்றாக இல்லை என்று கருதி, அளவெடுப்புக்காக அலமாரி திறந்திருந்த வேளையில் தையற்காரர் இரு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டார். அன்று பிற்பகல் சட்டை மூச்சுத் திணறியது. பொத்தான்கள் விம்மின, மறுநாள் காலை கழுத்துப் பொத்தான் தெறித்து அலமாரிக் கண்ணாடியில் கீறல் விழுந்தது. சீட்டம்மா ஓடிவந்து தையலைப் பிரித்தார்.

"யோவ், உனக்கு அறிவிருக்கா? அவன் எங்கேயோ உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்திருப்பான்யா!"

"மன்னிச்சுக்கோங்கம்மா. ஆள் உள்ள இருக்கான்னு நெனப்பு வரலை," என்றார் தையற்காரர்.

அன்று முதல் அவன் உயிரோடிருக்கிறான் என்பதில் அவ்விருவருக்கும் ஐயமில்லை. இறந்தவனுக்குத் தொப்பை விழாது என்பது வெளிப்படை. எங்கே இருக்கிறான், ஏன் வரவில்லை என்பவைதாம் தெரியவில்லை. தெரியாமலே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. இடுப்பு நாற்பதை எட்டியது.

இருபத்தாறாம் ஆண்டில் தீவனக் கிடங்கைச் சுத்தம் செய்து மூன்றாம் அறை திறந்தார்கள். புதிய காட்சிப்பொருள்களாகக் களத் தொலைபேசி ஒன்றும், நூறு பேருக்குச் சமைத்த இரும்புக் கொப்பரையும், கோவேறு கழுதையின் சேணமும், தளபதிகள் சுற்றி நின்று பார்க்கும் பெரிய வரைபட மேசையும் வந்தன. சனிக்கிழமைதோறும் கொடி அசைத்துச் செய்தி அனுப்பும் பயிற்சி நடந்தது. பள்ளிக்கூடத்துப் பூகோள ஆசிரியை அதை நடத்தினார். மாவு மில்காரர் மாடியில் நின்று சிவப்புக் கொடி காட்ட, மருந்துக் கடைக்காரர் அதைத் தவறாகப் படித்து, கேட்காத மருந்தைக் கொடுத்தனுப்பினார். ஊர் கலகலத்தது. அந்த அறை திறந்த வாரத்தில்தான் சட்டைப்பையில் பொருள்கள் வரத் தொடங்கின.

முதலில் வந்தது கடலோர நகரம் ஒன்றின் பேருந்துச் சீட்டு. அலமாரிச் சாவி சீட்டம்மாவின் கழுத்தைவிட்டு இறங்கியதே இல்லை. அடுத்த வாரம், கடையின் ஊர்ப் பெயர் அச்சிட்ட இருமல் மிட்டாயின் காகிதம். அதற்கடுத்து, மலையடிவார ஊர் ஒன்றில் செருப்புத் தைத்ததற்கான துண்டுச்சீட்டு. பின்னர் ஒரு ரயில் சீட்டு. ஒவ்வொன்றையும் சீட்டம்மா எண்ணிட்டு, 'புதிய வரவு' என்ற பலகையின் கீழ் வைத்தார். பூகோள ஆசிரியை வரைபட மேசையில் அந்தந்த ஊரில் ஒரு குண்டூசி குத்தினார். ஐந்தாம் ஊசி குத்தியதும் அவர் கையிலிருந்த ஊசி டப்பா கீழே விழுந்தது.

"சீட்டம்மா, இங்க பாருங்க! நம்ம பக்கமா வராருங்க! கோணல் மாணலா வராரு, ஆனா நம்ம பக்கமாத்தான் வராரு!"

"அவன் சின்ன வயசுலயே நேரா நடக்கமாட்டான்," என்றார் சீட்டம்மா. பிறகு கொப்பரையின் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தை நாடாவால் துடைத்துக்கொண்டார்.

அதன் பின் ஊரில் வேறு பேச்சில்லை. ஏழாம் ஊசி, எட்டாம் ஊசி என்று மக்கள் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார்கள். ஆண்டு முழுவதும் வராத கூட்டம் ஒரே வாரத்தில் வந்தது. இச்செய்தி துறையையும் எட்டியது. அட்டையும் சட்டையும் முரண்படுவதால் வரும் சனிக்கிழமை ஆய்வாளர் நேரில் வருவார் என்றும், விளக்கம் திருப்தி தராவிடில் சட்டை தலைமை அருங்காட்சியகத்தின் கிடங்கிற்கு அனுப்பப்படும் என்றும் கடிதம் வந்தது. கிடங்கிற்குப் போன பொருளைப் பின்பு கண்டவர் எவருமில்லை. சட்டை போய்விட்டால் தம்பி எதை நோக்கி வருவான் என்பதே சீட்டம்மாவின் கவலை.

கடிதம் வந்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை சட்டைப்பையில் அந்த அருங்காட்சியகத்தின் சொந்தச் சீட்டே கிடந்தது. எண் 4312. சனிக்கிழமைத் தேதி முத்திரை. கிழித்த விளிம்பு சற்று இடப்புறம் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்த்துக் கிழிப்பது சீட்டம்மாவின் கை ஒன்றுதான். அவர் மேசைக்கு ஓடிச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். 4312 கிழிபடாமல், முத்திரை படாமல், புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

ஊரார் கணக்குப் போட்டார்கள். சனிக்கிழமை காலை அடுத்த சீட்டு 4261. இன்னும் ஐம்பத்தொரு பேர் உள்ளே போக வேண்டும். ஒருவர் கூடினாலும் 4312 வேறொருவர் கைக்குப் போய்விடும். ஒருவர் குறைந்தாலும் அது அவனுக்கு வராது. வந்து நின்றவர்களோ நானூறு பேர். பூகோள ஆசிரியை ஐம்பத்தொரு பேரை எண்ணி நிறுத்தினார். அவர்கள் ஒவ்வொருவராகப் புகுந்தனர்; அவர்களுள் ஒருவரான தையற்காரர் சட்டையருகே காவல் நின்றார். 4311ஆம் சீட்டைப் பெற்ற மாவு மில்காரர் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார். சீட்டம்மா புத்தகத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி அமர்ந்தார். இடுப்பு நாற்பது, வயது நாற்பத்தைந்து என்பதைத் தவிர வேறு அடையாளம் தெரியாத ஊரார், அந்த வழியே போன பருமனான ஆண்கள் எல்லாரையும் பிடித்து வந்தார்கள். ரொட்டிக் கடைக்காரரை இரண்டு முறை கொண்டுவந்தார்கள்.

"ஏம்ப்பா, என்னை உங்களுக்குத் தெரியாதா? காலையில என்கிட்டதானே பன் வாங்கினீங்க!" என்று அவர் அலறினார்.

"எதுக்கும் சீட்டம்மா ஒரு தடவை பார்த்துரட்டும்ணே. உங்களுக்கே தெரியாம இருந்தா?"

பதினொரு மணிக்கு, மூக்குக்கண்ணாடியும் கைப்பெட்டியுமாக, நல்ல தொப்பையோடு ஒருவர் வந்து இறங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கொடிப் பயிற்சிக்காரர்கள் எல்லாக் கொடிகளையும் ஒரே நேரத்தில் அசைத்தார்கள். நான்கு பேர் அவரைத் தோளில் தூக்கிவந்து மேசைமுன் இறக்கினார்கள். சீட்டம்மா அவர் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார். வந்தவர் துறையின் ஆய்வாளர். அத்தகைய வரவேற்பு அவருக்கு எங்கும் கிடைத்ததில்லை என்பதால் முதலில் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு, "ஒரு சீட்டு குடுங்கம்மா, உள்ள போய்ப் பார்க்கணும்," என்றார்.

"இப்ப குடுக்க முடியாதுங்க. இது என் தம்பி சீட்டு."

"சரி, சீட்டில்லாமப் போறேன்."

"சீட்டில்லாம யாரையும் விட்டதில்லைங்க."

"அப்ப அடுத்த நம்பரைக் கிழிங்களேன்!"

"வரிசை தவறக் கூடாதுன்னு விதி போட்டது உங்க ஆபீஸ்தானுங்களே."

ஆய்வாளர் விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டு முறை படித்தார். அதில் வழியேதும் இல்லை. ஐந்து மணிக்குக் கதவு மூடுவதற்குள் ஆள் வராவிட்டால் சட்டையை எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டு, பீரங்கியின் மேல் ஏறி உட்கார்ந்தார். தொப்பி அணியாமல் வந்திருந்தபடியால், தையற்காரர் ஓர் இரும்புத் தொப்பியைக் கொடுத்தனுப்பினார்.

மணி இரண்டாயிற்று, மூன்றாயிற்று, நாலரை ஆயிற்று. கூட்டத்தின் சத்தம் தணிந்தது. சீட்டம்மாவின் உள்ளங்கை வியர்த்துப் புத்தகத்தின் அட்டையில் ஒட்டிக்கொண்டது. நாலே முக்காலுக்கு இரண்டாம் அறையிலிருந்து தையற்காரர் கத்தினார்.

"அம்மா! சட்டைக்கு வேர்க்குதும்மா! முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு! மேடு ஏறி வராரு!"

நானூறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி மேட்டுச் சாலையைப் பார்த்தார்கள். பார்த்த பின் ஒருவரும் கத்தவில்லை. எவரும் சொல்லாமலே நடுவில் வழி பிளந்தது. சீட்டம்மாவுக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை, குனிந்தே இருந்தார். மேசை விளிம்புக்கு மேலே ஒரு தொப்பை வந்து நின்றது. பதினான்கு ஆண்டுகள் அளந்த தொப்பை. முகத்தைக் காணுமுன் அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

"டிக்கெட் ஒண்ணு குடுங்கம்மா," என்றது ஒரு குரல், மூச்சு வாங்க.

சீட்டம்மா எழுந்து, கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார். "கையைத் தூக்குடா," என்றார்.

அவன் தூக்கினான். நாடா இடுப்பைச் சுற்றி வந்தது.

"நாற்பதேகால்."

"வர வழியில சாப்பிட்டேன்க்கா," என்றான் அவன். சொல்லிவிட்டு அழத் தொடங்கினான். "வருஷத்துக்கு ஒரு நாள் இடுப்பைச் சுத்தி இதேதான் கூசும். யாரோ அளக்குற மாதிரி. இந்தத் தடவை பொறுக்க முடியலை. யாருன்னு பாத்துரணும்னு கிளம்பிட்டேன்."

"இவ்வளவு நாளா ஏன்டா வரலை?"

"பின்வாங்கின அன்னிக்குத் துப்பாக்கியைப் போட்டுட்டு ஓடிட்டேன்க்கா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது?"

"துப்பாக்கி இங்க முப்பது கிடக்கு, தொடைச்சு மாளலை. உன்கிட்ட யாருடா துப்பாக்கி கேட்டா?" என்றார் சீட்டம்மா. பிறகு உட்கார்ந்து, 4312ஐச் சற்று இடப்புறம் சாய்த்துக் கிழித்து, தேதி முத்திரை குத்தி நீட்டினார். அவன் அதைத் தான் அணிந்திருந்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். அதற்குப் பின்தான் ஊர் கத்தியது. அந்தச் சத்தத்தில் சிட்டுக்குருவிகள் பீரங்கி வாயிலிருந்து வெடித்தாற்போல் பறந்தன. ஆய்வாளர் பீரங்கியிலிருந்து சறுக்கி விழுந்தார். களத் தொலைபேசி ஒரு முறை மணியடித்து ஓய்ந்தது.

4313ஆம் சீட்டு ஆய்வாளருக்குக் கிடைத்தது. அவர் அலமாரியின் சட்டையையும், அதன்முன் நின்று அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த மனிதனையும் நாடா வைத்து அளந்தார். இரண்டும் நாற்பதேகால். 'அட்டையில் அளவு மட்டும் திருத்தப்பட வேண்டும். மற்றபடி முரண்பாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தம்பி தன் சீட்டை மறுபடி தேடியபோது அது பையில் இல்லை. அதைப் பற்றி எவரும் வியக்கவில்லை. அது செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்திருந்தது.

இப்போது அவன் ரொட்டிக் கடைக்காரரிடம் வேலை பார்க்கிறான், இடுப்பு நாற்பத்திரண்டு. உரியவர் வந்த பின்னும் சட்டை அங்கேயே தொங்குகிறது; அவனிடம் வேறு ஆறு சட்டைகள் இருக்கின்றன. மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு அவன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டும் காலைகளில், அக்காள் அருங்காட்சியகத்தைத் திறக்கும்வரை பொறுத்திருக்குமாறு சொல்வார். கண்ணாடி பெரும்பாலும் அந்தச் சட்டைப்பையில்தான் இருக்கும். அதை எடுக்க அவன் உள்ளே போவதற்கும் வாசலில் நின்று ஒரு சீட்டு வாங்க வேண்டும்.