வலி நின்ற காலை

கதிர்காமக் கந்தன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொல்ல எனக்கு வராது. வந்திருந்தால் எப்போதோ தோட்டத்தில் தலைவராகியிருப்பேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் மேல் லயத்துப் பாதையோரம் சதீஸ் ஏணியில் நின்று வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தான். ஏணியைப் பிடித்திருந்தவர் காத்தமுத்து. லயத்துக்குள் பெட்டியில் கிடந்தவர் சதீஸின் அப்பா இராமகிருஷ்ணன்.

"இறுக்கிக் கட்டுப்பா. காத்துக்கு எழவு வீடு, கல்யாண வீடு எல்லாம் ஒண்ணுதான்," என்றார் காத்தமுத்து.

சதீஸ் இறுக்கினான்.

காத்தமுத்து குடல் தட்டுகிறவர். வயிற்றுவலி என்று யார் படுத்தாலும் குடல் இடம் மாறிவிட்டது என்பார். விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தொப்புளைச் சுற்றி நீவி, நாலு தட்டுத் தட்டி, குடலை அதன் இடத்துக்கு அனுப்பிவைப்பார். துரை பங்களா நாய்க்கும் ஒருதரம் தட்டினார். அன்றிலிருந்து அது லயத்து ஆட்களைக் கண்டால் குரைப்பதை விட்டுவிட்டு வணக்கம் வைத்தது. நானே பதில் வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

இராமகிருஷ்ணனுக்கு வலி தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கியது. சோறு வேண்டாம் என்றார். வாந்தி எடுத்தார். மறுநாள் வலி வலது அடிவயிற்றில் போய்க் குந்திக்கொண்டது. காய்ச்சல் வேறு. வலது காலை நீட்ட முடியாமல் மடக்கியே படுத்திருந்தார். கண்டியில் போன் கடையில் வேலை பார்க்கும் சதீஸ் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். இது அப்பெண்டிக்ஸா இருக்கும்."

"போன் விக்கிறவனுக்கு என் வயித்தப் பத்தி என்னடா தெரியும்? அங்க கத்தியத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. காத்தமுத்து மாமாவக் கூப்பிடு."

அந்த லயத்து வாசலில் நின்றால் கீழே ஆஸ்பத்திரிக் கூரை தெரியும்.

காத்தமுத்து வந்து நீவினார். இராமகிருஷ்ணன் தலையணையைக் கடித்தார்.

"மாமா, அழுத்தாதீங்க," என்று சதீஸ் அவர் கையைப் பிடித்தான்.

"பயந்தவன் பக்கத்துல நின்னா குடல் எறங்காது. நீ வெளிய நில்லுப்பா."

சதீஸ் வெளியே போய் நின்றான்.

விடியும்போது வலி நின்றுவிட்டது. துடைத்துப் போட்டதுபோல நின்றுவிட்டது. இராமகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்து பிளேன்டீ கேட்டார். அவர் மனைவி பேச்சியம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கும் இடுப்பில் கட்டப் புதுச் சாரமும் வைத்துக் காத்தமுத்துவிடம் நீட்டினாள்.

"ஏண்டா, உன் அப்பெண்டிக்ஸு எங்கடா? வேலைக்குப் போயிருச்சா?" என்றார் இராமகிருஷ்ணன்.

சதீஸும் சிரித்தான். நன்றாகவே சிரித்தான்.

மாலைக்குள் வயிறு பலகையாகிவிட்டது. உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. த்ரீவீலர் இறங்கிய ஒவ்வொரு வளைவிலும் அவர் முனகினார். கடைசி வளைவில் முனகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிருஷா, யாழ்ப்பாணத்துப் பெண், வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சதீஸிடம் திரும்பினார்.

"வயித்து நோ எப்ப நிண்டது?"

"காலையில மிஸ். அப்புறம் நல்லாத்தான் இருந்தாரு."

"அப்பெண்டிக்ஸ் உள்ளுக்குள்ள வெடிச்சபடியாத்தான் நிண்டது," என்றார் அவர்.

இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். அன்றிரவே தியேட்டருக்குக் கொண்டுபோய் வயிற்றை நடுவில் திறந்து கழுவினார்கள். சீழின் நஞ்சு அதற்குள் இரத்தத்தில் ஏறியிருந்தது. மறுநாள் இராமகிருஷ்ணன் செத்துப்போனார்.

"முன்னாலயே கொண்டாந்திருந்தா, மிஸ்?"

டாக்டர் தன் வலது அடிவயிற்றில் ஒரு விரலைச் சாய்வாக வைத்துக் காட்டினார். "இவ்வளவு தழும்புதான் இருந்திருக்கும்."

இதைச் சதீஸ் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியை எடுக்கும்போது பேச்சியம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். "வலி நின்னுருச்சே, வலி நின்னுருச்சே." மாரடிக்க வந்த பெண்கள் மற்ற வரிகளைப் பாடிப் பார்த்து, முடியாமல், கடைசியில் அதையே பாடினார்கள்.

புதைத்துவிட்டு ஆண்கள், மலைத்தண்ணீர் குழாய் வழியே கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனார்கள். பேச்சியம்மா கொடுத்த புதுச் சாரத்தோடுதான் காத்தமுத்து வந்திருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்கடியில் நின்றார்.

"கொடலு எறங்கிருச்சுப்பா. நீங்க கத்தி வச்சதுதான் தப்பு. இந்தத் தோட்டத்துல கத்தி பட்ட வயிறு எது தங்குச்சு, சொல்லு பாப்போம்."

சதீஸ் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"அந்த சோப்பக் குடுப்பா."

சதீஸ் எடுத்து நீட்டினான்.

நனைந்த சாரம் கனத்து இடுப்பிலிருந்து சற்றே இறங்கியது. காத்தமுத்துவின் வலது அடிவயிற்றில், சாய்வாக, ஒரு விரல் நீளத்துக்குத் தையல் போட்ட பழைய தழும்பு இருந்தது.